கோட்டுக்கு வெளியே ஐவர்

சத்தியம்! முணுமுணுக்கிற சத்தியம் இல்லை, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி அடித்துச் சொல்கிற சத்தியம். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், டம்ளர் தண்ணீரில் ஊறுகிற என் பல்செட் எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும். வேலாங்குளத்தில் எவரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று சொல்கிறவர் அன்றைக்கு ஊரில் இல்லாதவர். அவ்வளவுதான்.

வேலாங்குளம் விடிவெள்ளிக் கூடைப்பந்துக் கழகத்தில் ஐந்து நட்சத்திரங்கள் இருந்தார்கள்.

ஒண்டிவீரன் எவ்வளவு உயரம் என்று யாரும் அளந்ததில்லை. அளக்கப் போன டெய்லர் ஏணி கேட்டார். அவன் தெருவில் நடந்து வந்தால் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் மரியாதையாக நகர்ந்து வழிவிடும். டெரன்ஸ் எறிந்தால் பந்து வளையத்தில் படாது, வலை மட்டும் சரக்கென்னும். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து அவன் எறிந்து கூடையில் போட்டதைக் கண்டக்டரே பார்த்திருக்கிறார். அன்றைக்கு அந்த பஸ்ஸில் பாதிப் பேருக்கு டிக்கெட் கிழிக்க மறந்துவிட்டார். கதிரொளி பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் அவனுக்கு மூச்சு வாங்காது. பந்துக்கு வாங்கும்.

மீதி இருவர் இளம்பரிதியும் நஸ்ருதீனும். ஒரே உயரம், ஒரே தோள், ஒரே கிராப்பு. முதுகில் எண் இல்லாவிட்டால் பெற்ற தாயே தடுமாறுவாள். ஆனால் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருமுறை இருவர் விரலும் பட்டுப் பந்து கூடையில் விழுந்தது. "நான் போட்டது", "இல்ல, நான் போட்டது" என்று தொடங்கிய சண்டை, ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்து வாட்ச்மேன் வந்து சாவிக்கொத்தைக் குலுக்கிய பிறகும் ஓயவில்லை. அன்றோடு பேச்சு நின்றது.

இந்த ஐவரையும் கட்டி மேய்த்தவர் கோச் பக்கீர் மாஸ்டர். வயது நாற்பத்தொன்று. அவருக்கு ஒரு சீடர் உண்டு, சவரிமுத்து. வயது ஐம்பத்தொன்பது.

ஆமாம், சீடர்தான் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியே காலத்தை ஓட்டிவிட்டு ஓய்வுபெற்ற மறுநாள், பக்கீர் மாஸ்டர் முன்னால் வந்து நின்றார். "எனக்கு விசில்தான் தெரியும் மாஸ்டர். ஆட்டம் தெரியாது. கத்துக்குடுங்க" என்றார். அன்றிலிருந்து சீடர் குருவை "மாஸ்டர்" என்பார்; குரு சீடரை "அண்ணே" என்பார்.

மே மாதத்தில் நடக்கும் வெள்ளிக்குடச் சுழற்கோப்பையை மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயிக்கிற கழகம் அதை வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம். விடிவெள்ளி இரண்டு வருஷம் ஜெயித்துவிட்டது. முதல் வருஷம் இறுதியாட்டத்தில் மணலூரை முப்பது புள்ளியில் அடித்தார்கள். இரண்டாம் வருஷம் அதே மணலூரை ஒரே புள்ளியில்.

முப்பது எப்படி ஒன்றாயிற்று என்ற கணக்கு சவரிமுத்துவுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முருங்கைக்காய் வாங்க வந்தவர் போல மணலூர் போனார். அவர்களுடைய பயிற்சியை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தார். திரும்பி வந்தபோது பக்கீர் மாஸ்டர் டீக்கடையில் இருந்தார்.

"மாஸ்டர், மணலூர்க்காரன் பழைய மணலூர்க்காரன் இல்ல."

"முருங்கைக்காய் பிஞ்சா அண்ணே, முத்தலா?"

"கேலி பண்ணாதீங்க. அங்க நட்சத்திரம்னு சொல்ல ஒருத்தன் கிடையாது. ஆனா அஞ்சு பேரும் கண்ணை மூடிக்கிட்டுப் பாஸ் குடுக்கிறானுங்க. ஒருத்தன் தும்மினா நாலு பேரு சேர்ந்து 'நூறு'ங்கிறானுங்க."

"நல்ல பிள்ளைங்க."

"அடுத்த சீசன் நாம ஜெயிப்போமா?"

"ஜெயிப்போம்."

"எதை வச்சு அவ்வளவு அடிச்சுச் சொல்றீங்க?"

பக்கீர் மாஸ்டர் டீயை ஊதினார்.

"அடுத்த சீசன் நாற்காலியில நீங்க உட்காருறீங்கல்ல."

சவரிமுத்துவின் கையிலிருந்த வடை டீக்குள் விழுந்தது.

நாற்காலி என்றால் கோர்ட் ஓரத்தில் கோச்சுக்காகப் போடுகிற இரும்பு நாற்காலி. சவரிமுத்து எத்தனையோ ஆட்டங்களில் அந்த நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறார். உட்கார்ந்ததில்லை. உட்கார ஆசையில்லாமல் இல்லை. வீட்டில் மனைவி ஸ்டெல்லாம்மாவுக்கு மட்டும் தெரிந்த ஆசை அது. ஆனால் இப்போதா? மணலூர் இப்படித் தேறி நிற்கிற வருஷத்திலா? கோப்பை போனால், "சவரிமுத்து உட்கார்ந்தார், கோப்பை எழுந்து போயிருச்சு" என்று ஊரே சொல்லும். அவர் செத்த பிறகும் சொல்லும்.

"நீங்க எங்க இருப்பீங்க மாஸ்டர்?"

"கேலரியில. பட்டாணி தின்னுக்கிட்டு ஆட்டம் பார்த்து எவ்வளவு நாளாச்சு."

மறுநாள் காலை பயிற்சி ஆட்டம் ஒன்று வைத்தார் பக்கீர் மாஸ்டர். எதிரணி யார் என்று கேட்டதற்கு, கோர்ட்டைச் சுற்றி நடந்துகொண்டிருந்தவர்களைக் காட்டினார். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், ஜவுளிக்கடைக்காரர்கள் இருவர், சர்க்கரை வியாதிக்காக நடக்கிற ஒருவர். ஐவருக்கும் சேர்த்து நாலு நல்ல முழங்கால்கள் தேறும்.

நட்சத்திரங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாஸ்டர், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா?" என்றான் டெரன்ஸ்.

"சொல்லியாச்சு. உங்க அஞ்சு பேருக்கும் இடம் இருக்காம்."

ஆட்டம் தொடங்கியது. தாசில்தார் கைக்கு முதலில் பந்து வந்தது. அவர் அதை இரண்டு கையாலும் கீழிருந்து, கிணற்றுக்குள் வாளி வீசுகிறவர் போல வீசினார். பந்து மேலே போனது. வேப்பமரக் கிளையில் இடித்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு நேராகக் கூடைக்குள் இறங்கியது. தாசில்தாரே பயந்துவிட்டார்.

நட்சத்திரங்கள் கைதட்டிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஐவரும் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். அவரவருக்குப் பிடித்த இடத்தில் நின்று கையை உயர்த்தி, "பாஸ்! பாஸ்!" என்றார்கள்.

பந்து கூடைக்குக் கீழே அநாதையாகக் கிடந்தது.

விஷயம் இதுதான். எதிராளி கூடை போட்டுவிட்டால், நம்மில் ஒருவன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் நின்று உள்ளே எறிய வேண்டும். அதற்கு ஐந்து விநாடி. தவறினால் பந்து எதிராளிக்கே. வெளியே நிற்கிறவனால் கூடை போட முடியாது, கைதட்டல் கிடைக்காது, எறிந்துவிட்டு எல்லோருக்கும் கடைசியில் ஓடி வர வேண்டும்.

பக்கீர் மாஸ்டர் கையை வீசி வீசி ஐந்து எண்ணினார். விசில் ஊதினார்.

"பந்து தாசில்தாருக்கு."

"ஏன்டா, நீ எடுக்க வேண்டியதுதான?" என்றான் கதிரொளி.

"நான் எடுத்தா நீ என்ன பண்ணுவ? கூடையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பியா?" என்றான் டெரன்ஸ்.

தாசில்தார் மறுபடி வாளி வீசினார். மறுபடி விழுந்தது. மறுபடி ஐவரும் ஓடினார்கள். மறுபடி பந்து தரையில். அப்புறம் பல் டாக்டர் போட்டார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் செல்போனில் பேசிக்கொண்டே ஒன்று போட்டார். ஆட்டம் முடிந்தபோது நடைப்பயிற்சி அணி பதினான்கு, விடிவெள்ளி சைபர்.

தாசில்தார் வீட்டுக்குப் போய், "கேப்டன்" என்று கூப்பிட்டால்தான் இட்லி தொடுவேன் என்று மனைவியிடம் அடம்பிடித்ததாகக் கேள்வி.

சவரிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

"மாஸ்டர்! போன வருஷம் இந்தக் கூத்து இல்லையே? போன வருஷம் பந்தை எடுத்தது யாரு?"

"நாற்காலியில இருக்கிறது நீங்க. நீங்க சொல்லுங்க."

சவரிமுத்து நெற்றியைத் தேய்த்தார். தேய்த்த கை அப்படியே நின்றது.

மரியதாஸ்!

போன வருஷம் வரை நட்சத்திரங்கள் நால்வர்தான். ஐந்தாவது ஆள் மரியதாஸ். ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி போட்டால் அதிகம். அந்த ஒரு புள்ளி வெற்றியில் கதிகலங்கிய சவரிமுத்து, தானே திருநெல்வேலிப் பக்கம் அலைந்து கதிரொளியைக் கூட்டி வந்தார். இடம் வேண்டுமே என்று மரியதாஸுக்கு ஒரு மாலையும் ஒரு சால்வையும் போட்டு அனுப்பிவைத்தவரும் அவரேதான்.

"மரியதாஸைத் திரும்பக் கூப்பிட்டுருவோமா மாஸ்டர்?"

"மஸ்கட்ல வேலையில இருக்கான். அங்க இருந்து எறிஞ்சா பந்து இங்க வருமா அண்ணே?"

சவரிமுத்து நட்சத்திரங்களிடம் போனார். ஒவ்வொருவராகக் கேட்டார்.

"அண்ணே, இந்த உயரத்தை வெளிய நிறுத்துறது பாவம்" என்றான் ஒண்டிவீரன்.

"நான் வெளிய நின்னா உள்ள போடுறது யாரு?" என்றான் டெரன்ஸ்.

"கோட்டுக்கு வெளிய ஒரே தூசி. எனக்கு அலர்ஜி" என்றான் கதிரொளி.

"அவன் நின்னா நான் நிக்கிறேன்" என்றான் இளம்பரிதி, நஸ்ருதீன் பக்கம் பார்க்காமல்.

"அவன் நின்ன எடத்துல நான் நிக்க மாட்டேன்" என்றான் நஸ்ருதீன், இளம்பரிதி பக்கம் பார்க்காமல்.

சவரிமுத்து வேப்பமரத்தடிக்குத் திரும்பினார்.

"ஒருத்தனும் மாட்டேங்கிறான். என்ன செய்ய மாஸ்டர்?"

"நீங்களே போய் நில்லுங்க."

"நானா?"

"பயிற்சிதான அண்ணே. யாரு கேட்கப்போறா?"

சவரிமுத்து போய் நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் விசில் தொங்க, கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிந்தார். முதல் நாள் தோள் வலித்தது. இரண்டாம் நாள் கண் திறந்தது. அங்கிருந்து பார்த்தால் கோர்ட் முழுவதும் தெரிந்தது. எவன் ஓடுகிறான், எவன் ஓடுவது போல நடிக்கிறான், எல்லாம். அதைவிடப் பெரிய விஷயம், ஐந்து நட்சத்திரங்களும் அவரையே பார்த்தார்கள்.

"அண்ணே, இங்க!"

"அண்ணே, எனக்கு!"

"என் தங்க அண்ணே, ஒரே ஒரு பந்து!"

அந்த வாரம் ஒண்டிவீரன் தினமும் இளநீர் கொண்டுவந்தான். மரத்தில் ஏறாமல் நின்றபடியே பறித்தது. டெரன்ஸ் அவருடைய பையைத் தூக்கினான். கதிரொளி அவருடைய ஸ்கூட்டரைத் துடைத்த துடைப்பில் அதன் நிறமே மாறிவிட்டது. "என்னங்க, நடையே ஒரு மாதிரியா இருக்கு?" என்று கேட்டார் ஸ்டெல்லாம்மா. "ராஜா நடை" என்றார் சவரிமுத்து.

வார முடிவில் பக்கீர் மாஸ்டர் சொன்னார்.

"போதும் அண்ணே. இனி நாற்காலியில உட்காருங்க."

மறுபடி நடைப்பயிற்சி அணி வந்தது. இந்த முறை தாசில்தார் பனியனில் "கேப்டன்" என்று எழுதி வந்திருந்தார். வாளி வீசினார். விழுந்தது.

ஐந்து நட்சத்திரங்களும் பந்தின்மேல் பாய்ந்தார்கள்.

"நான் எடுக்கிறேன்!"

"தள்ளுடா, இது என் வேலை!"

"அலர்ஜின்னியே?"

"சரியாப் போச்சு!"

ஐவரும் கோட்டுக்கு வெளியே, ரேஷன் கடை வரிசை மாதிரி. பந்து பத்துக் கைகளுக்கு நடுவில். உள்ளே விடிவெள்ளி ஆள் ஒருவன்கூட இல்லை.

பல் டாக்டர் பெருந்தன்மையாகக் கேட்டார். "யாரும் இல்லைன்னா நாங்க வேணா வாங்கிக்கட்டுமா தம்பி?"

விசில். பந்து தாசில்தாருக்கு.

சவரிமுத்துவுக்கு அழுகை வராத குறை.

"மாஸ்டர், முதல்ல வெளிய ஆள் இல்ல. இப்ப உள்ள ஆள் இல்ல. இவனுங்களை வச்சுக்கிட்டு மணலூரை நான் எப்படி…? உண்மையைச் சொல்லுங்க. ஜெயிப்போமா?"

"ஜெயிப்போம்."

"அதான் எப்படின்னு கேட்கிறேன்!"

"பசிக்குது அண்ணே. ஸ்டெல்லாம்மா இன்னைக்கு என்ன குழம்பு?"

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. அன்று சவரிமுத்துவின் வீட்டில் மூன்று முறை மீன் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார் மாஸ்டர்.

சவரிமுத்து தாமே யோசித்தார். முறை வைத்தார். முதலில் ஒண்டிவீரன், அடுத்து டெரன்ஸ், அப்புறம் கதிரொளி, இளம்பரிதி, நஸ்ருதீன், மறுபடி ஒண்டிவீரன். தண்ணீர்க் குழாயில் குடத்துக்கு முறை வைப்பது போலத்தான். முணுமுணுத்தார்கள், ஆனால் ஒப்புக்கொண்டார்கள்.

மே மாதம் வந்தது. முறை வேலை செய்தது. முதல் சுற்று, கால் இறுதி, அரை இறுதி எல்லாவற்றையும் விடிவெள்ளி ஊதித் தள்ளியது. இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றது மணலூர்.

அவர்கள் வேலிக்கு அப்பால் சவரிமுத்து பார்த்த மணலூர்கூட இல்லை; அதற்கும் மேலே போயிருந்தார்கள். ஒண்டிவீரன் குதித்தால் இரண்டு பேர் சேர்ந்து குதித்தார்கள். டெரன்ஸ் எறியப் போனால் அவன் மூக்குக்கு முன்னால் ஒரு உள்ளங்கை. கதிரொளி எந்த வழியில் ஓடினாலும் அங்கே ஒருவன் முன்பே வாடகைக்கு இருந்தான். ஒரு புள்ளி இவர்கள், ஒரு புள்ளி அவர்கள் என்று ஆட்டம் ஏறிக்கொண்டே போனது.

சவரிமுத்து நாற்காலியில் உட்காரவே இல்லை. அதன் பின்னால் நின்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் நடுங்கியதில் நாற்காலி தானாக நகர்ந்து, இரண்டு முறை ரெஃப்ரி வந்து கோட்டுக்குப் பின்னால் தள்ளிவைத்தார். கேலரியைத் திரும்பிப் பார்த்தார். பக்கீர் மாஸ்டர் பட்டாணி தின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் மணலூர்க்காரன் ஒரு கூடை போட்டான். மணலூர் ஒரு புள்ளி முன்னால்.

கடைசி நேரத்தில் கூடை விழுந்தால் கடிகாரத்தை நிறுத்திவிடுவார்கள். பந்து உள்ளே ஒருவன் கையில் பட்டால்தான் மறுபடி ஓடும். நின்ற கடிகாரம் காட்டியது ஆறு விநாடி.

டைம் அவுட் கேட்கலாமா? இருந்த டைம் அவுட்டை எல்லாம் சவரிமுத்து பயத்தில் முன்பே கேட்டுத் தீர்த்துவிட்டார். அதில் ஒன்று அவர் சோடா குடிப்பதற்காகப் போனது.

பந்து கூடைக்குக் கீழே உருண்டது. வெளியே நிற்கும் முறை யாருக்கு? அந்தக் களேபரத்தில் ஒருவனுக்கும் நினைவில்லை.

ஐவரும் கோட்டுக்கு வெளியே ஓடினார்கள்.

"அய்யய்யோ!" என்றார் சவரிமுத்து.

பந்து டெரன்ஸ் கையில். ரெஃப்ரி கையை வீசி எண்ணத் தொடங்கினார். ஒன்று.

மணலூர்க்காரர்கள் இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. எவனைப் பிடிப்பது? உள்ளே ஆளே இல்லையே! ஐவரும் கோட்டுக்கு உட்புறம் வரிசையாக வந்து, வெளியே நிற்கிற ஐவரையும், கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கக் காத்திருப்பவர்களைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு.

அப்போது விடிவெள்ளி ஆள் ஒருவன் கோட்டைத் தாண்டி உள்ளே போனான். தனியாக. ஐந்து பேர் நடுவில்.

"அவனை விடாத! அவன் ஒருத்தன்தான்! அவனுக்குத்தான் வரும்!" என்று மணலூர் கோச் அலறினார். ஐவரும் அவன்மேல் கவிந்தார்கள். அவன் காணாமல் போனான். சிமெண்டுத் தரையில் ஒரு குவியல்தான் தெரிந்தது. மூன்று.

இன்னொருவன் வெளியிலிருந்து ஓடிவந்து அவனைத் தூக்கிவிடக் குவியலுக்குள் கையை விட்டான். அவனும் உள்ளே போய்விட்டான். நாலு.

கோட்டின் அந்தப் பக்க மூலையிலிருந்து கதிரொளி உள்ளே பாய்ந்தான். டெரன்ஸ் எறிந்தான். குவியலுக்கு மேலே, ஒண்டிவீரன் தலைக்கும் மேலே, பந்து போய்க் கதிரொளி கையில் விழுந்தது. கடிகாரம் ஓடியது. எதிரே ஒரு ஈ கிடையாது. கோர்ட் முழுவதும் அவனுக்குத்தான். ஓடினான், ஓடினான், எழும்பினான், வைத்தான்.

மணி அடித்தது. விடிவெள்ளி ஒரு புள்ளியில் ஜெயித்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லி மாளாது. பட்டாசுக் கடைக்காரர் வெடியை எல்லாம் கொளுத்திக் கடையையே காலி செய்தார். கதிரொளியைத் தோளில் தூக்கினார்கள். டெரன்ஸைத் தூக்கினார்கள். ஒண்டிவீரனைத் தூக்க முயன்று நாலு பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. மணலூர் கோச் தேடிவந்து சவரிமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அஞ்சு பேரையும் வெளிய நிறுத்தி ஒரு வேலை பண்ணினீங்களே ஐயா! எப்ப யோசிச்சது இது?"

சவரிமுத்து இருமினார். "அது… ரொம்ப நாளா மனசுல இருந்தது."

வெள்ளிக்குடத்தைக் கையில் கொடுத்தார்கள். இனி அது வேலாங்குளத்துக்கே. சவரிமுத்து அன்றைக்கு முதன்முதலாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார், மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு. பக்கீர் மாஸ்டர் கேலரியிலிருந்து இறங்கி வந்து, பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"சந்தோஷமா அண்ணே?"

"மாஸ்டர், என் ஆயுசுக்கும் இது போதும்."

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும். முதல்ல உள்ள போனானே, அவன் யாரு?"

சவரிமுத்து விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார்.

டெரன்ஸ் இல்லை, பந்து அவனிடம் இருந்தது. கதிரொளி இல்லை, அவன் மூலையில். ஒண்டிவீரன் போயிருந்தால் அடுத்த ஜில்லாவுக்கே தெரிந்திருக்கும். அப்படியானால் இளம்பரிதி. அல்லது நஸ்ருதீன்.

"நான் பந்தைப் பார்த்துக்கிட்டு இருந்தேன் மாஸ்டர்" என்றார் தணிந்த குரலில்.

"பந்தை கேலரியில இருந்தே பார்க்கலாமே அண்ணே."

சவரிமுத்து கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் இருவரும் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் சிராய்ப்பு. இருவர் பனியனும் முதுகில் கிழிந்து எண் போயிருந்தது. சவரிமுத்து முதலில் இளம்பரிதியின் தோளைத் தொட்டார்.

"தம்பி, முதல்ல உள்ள போனது நீதான?"

"நான் இல்லண்ணே, இவன். நான் தூக்கிவிடத்தான் போனேன்."

"யாரைச் சொல்ற? என்னையா?" என்று திரும்பினான் நஸ்ருதீன். "அண்ணே, இவன் பேச்சை நம்பாதீங்க. முதல்ல போனது இவன்தான். நான் பின்னாடி போனவன்."

"டேய், பொய் சொல்லாத. அஞ்சு பேருக்கு அடியில கிடந்தது யாரு?"

"நீதான்! உன் கையைப் பிடிச்சு இழுத்தது யாருங்கிற?"

"இழுத்தது நான்டா!"

"அடிச்சுச் சொல்றேன், நீதான் முதல்ல போன!"

"சத்தியமா நீதான்டா!"

இருவரும் மார்பில் மார்பு முட்டிக்கொண்டு நின்றார்கள். சவரிமுத்து நடுவில் கையை நீட்டிப் பார்த்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. மெதுவாக நழுவித் திரும்பி வந்தார்.

"என்ன அண்ணே, யாருன்னு தெரிஞ்சுதா?"

"இல்ல மாஸ்டர். அவன் இவனைச் சொல்றான், இவன் அவனைச் சொல்றான். அடிதடி ஆயிரும் போல இருக்கு." நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் பழைய கவலை எட்டிப் பார்த்தது. "அடுத்த வருஷம் புதுக் கோப்பை வைப்பாங்க. மணலூர்க்காரன் இதைவிடத் தேறித்தான் வருவான். இன்னைக்கு நடந்தது இன்னொரு தடவை நடக்கவா போகுது?"

பக்கீர் மாஸ்டர் கடைசிப் பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் காதைக் கொடுத்தார்.

"இன்னும் சண்டை போடுறாங்களா?"

"விடாம போடுறாங்க."

"அப்ப அடுத்த வருஷமும் ஜெயிப்போம் அண்ணே."

இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் ஒரு கொட்டாவி விட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுங்கள். மணலூரில் நமக்குச் சம்பந்தி வீடு இருக்கிறது.